கேட்பதும் ஓர் அமானிதமே

“இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று ஒருவர் நம்மிடம் வினவும்போது, அவர் நமக்கு மரியாதை செய்கிறார் என்றே நாம் எண்ணிக் கொள்கிறோம். மரியாதைதான், ஐயமில்லை. ஆனால் அது மரியாதை மட்டுந்தானா? கேட்டவர்மீது ஒரு கடனும் பதில் சொன்னவர்மீது ஒரு கடனும் அந்த ஒரு வினாவினால் ஏற்பட்டுவிடவில்லையா? சிறிய நிகழ்ச்சி ஒன்று என்னை இந்தச் சிந்தனைக்குள் தள்ளியது. பேருந்து சம்பந்தப்பட்ட சாதாரண நிகழ்ச்சி அது. ஆயினும் அற நூல்களில் பல ஆண்டுகள் படித்தும் எனக்குப் புலப்படாத ஒன்றை அது புலப்படுத்தியது. ஆதலின் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில், நேரக் காப்பாளர் அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. எங்கள் பகுதிப் பேருந்து வழித்தடங்களை மேம்படுத்தப் போவதாகவும், பொதுமக்கள் தங்கள் கருத்துகளை நேரில் வந்து தெரிவிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. கூட்டம் ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்கு, மாவட்டத் தலைநகரில். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, “அசரத்து போய் வரட்டும்; அவருக்குத்தான் நாலு வார்த்தை முறையாகப் பேசத் தெரியும்” என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வணிகர் இருவரும் ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவரும் உடன் வந்தனர். அலுவலகத்தில் முன்மொழிவின் பிரதியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு பக்கங்கள். படித்தேன். தலைமை மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நேர்வழிப் பேருந்து விடுகிறார்கள். மிக நல்லது என்று மகிழ்ந்தேன். என் முறை வந்தபோது எழுந்து, ஐந்து நிமிடம் நல்ல தமிழில் பேசினேன். பாராட்டினேன். எங்கள் மதரஸா வாயிலில் ஒரு நிறுத்தம் வேண்டுமென்று கேட்டேன். “நல்ல யோசனை” என்று அதிகாரி சொன்னார். எழுத்தர் குறித்துக் கொண்டார். ஊருக்காகப் பேசிவிட்ட மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

அடுத்த மாதம் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஒருநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறேன். சாலையோரப் புளிய மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மூட்டைகளோடும் தூக்குச் சட்டிகளோடும் நின்று கொண்டிருந்தார்கள். கீரைக்கட்டுகளை ஈரத்துணியால் மூடி வைத்திருந்த முதியவள் ஒருத்தி என்னைக் கண்டு, “வாத்தியாரய்யா, அஞ்சு நாற்பது வண்டி இன்னைக்கும் வராதுங்களா? நம்ம ஊருக்காக நீங்கதான் பேசப் போனீங்கன்னு சொன்னாங்களே!” என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. செய்தி தெரிந்தவர் என்று நம்பிக் கேட்டாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கங்களைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது வரி: வசூல் குறைந்த முதல் நடை நீக்கப்படும் என்றிருந்தது. அந்த வரியை நான் படித்திருந்தேன். படித்தும், அது யாரைக் குறிக்கிறது என்று எண்ணவில்லை. கீரை விற்பவள், மருத்துவமனையில் கூட்டிப் பெருக்குபவள், தங்கும் விடுதியில் பாத்திரம் துலக்குபவள் ஆகியோர் ஏறிச் சென்ற வண்டி அது. நாள்தோறும் அவர்களைக் கடந்துதான் நான் தொழுகைக்குச் சென்று வந்திருக்கிறேன். கண் அவர்களைப் பார்த்தது, கருத்து பார்க்கவில்லை.

கேட்டவரின் கடன்

இந்தத் தவற்றில் என் பங்கைப் பின்னர் சொல்கிறேன். முதலில் கேட்டவரின் கடமை என்ன என்று பார்ப்போம்.

அரசு போக்குவரத்துக் கழகம் ஒரு பகுதியின் அல்லது வழித்தடத்தின் பேருந்துப் போக்குவரத்தைத் தானே ஏற்று நடத்த முனைந்தால், நம் நாட்டுச் சட்டம் அதற்கு ஒரு முறையை வகுத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, அத்திட்டத்தின் முன்மொழிவு அரசிதழிலும் அப்பகுதி மக்களின் மொழியில் வெளிவரும் ஒரு நாளிதழிலாவதும் வெளியிடப்பட வேண்டும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஆட்சேபித்தவர் விரும்பினால் அவருடைய வாதத்தை நேரில் கேட்ட பின்னரே அரசு அதை ஏற்கவோ திருத்தவோ வேண்டும். ஒரு நடையின் நேரத்தை மாற்றுவதற்கும் நிறுத்துவதற்கும் இந்த விதி எழுதப்படவில்லை என்பது உண்மையே. எனினும், பலரைப் பாதிக்கும் ஒரு முடிவை எடுக்குமுன் அவர்களைக் கேட்க வேண்டும் என்னும் நியாயம் அதனுள் இருக்கிறது.

இதன் முன்னோடியாகிய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஆந்திரத்துக் கிருஷ்ணா மாவட்டத்தில் ஒரு வழக்கு எழுந்தது. தனியார் பேருந்துத் தடங்களை அரசு ஏற்கும் திட்டம் வெளியிடப்பட்டது. பேருந்து உரிமையாளர்கள் ஆட்சேபித்தார்கள். அவர்கள் வாதத்தை உட்கார்ந்து கேட்டவர் போக்குவரத்துத் துறையின் செயலாளர். முடிவு செய்தவரோ முதலமைச்சர். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1958இல் அந்த ஆணையைச் செல்லாதென்று பெரும்பான்மையால் தீர்த்தது. நீதிபதி சுப்பா ராவ் எழுதிய அத்தீர்ப்பின் கருத்து மிகத் தெளிவானது. ஒருவர் கேட்க, மற்றொருவர் தீர்மானித்தால், நேரில் கேட்டல் என்பது வெறுஞ் சடங்காகிவிடும். அன்றியும், திட்டத்துக்கு உரிய துறையின் தலைவரே அதன்மீதான ஆட்சேபணையைக் கேட்பது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருப்பதை ஒக்கும்.

இதற்குப் பின் நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. முதலமைச்சரே அமர்ந்து ஆட்சேபணைகளைக் கேட்டார். கேட்டபின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். மறுபடி வழக்கு; இம்முறை உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஆக, பேருந்து உரிமையாளர்கள் முதலில் கேளாமல் இழந்தார்கள். பின்னர் கேட்கப்பட்டு இழந்தார்கள். இழப்பு இழப்புத்தானே? கேட்டதனால் என்ன பயன் விளைந்தது?

எளிய விடை ஒன்றுண்டு. கேட்கப்பட்டவன் ஒரு மனிதனாக மதிக்கப்பட்டான். காரணம் சொல்லத் தக்கவனாகக் கருதப்பட்டான். அதுவே பயன் என்பர். இந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. புளிய மரத்தடியில் நிற்கும் கீரைக்காரிக்கு மதிப்பு வண்டியாகி வந்துவிடுமா? ஆதலின் மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்பவர், சொல்லப்படுவது சரியாயிருந்தால் தம் முடிவை மாற்றிக் கொள்ளும் நிலையில் இருந்து கேட்க வேண்டும். முடிவு மாறியே தீரவேண்டும் என்பதில்லை. மாறக்கூடியதாக இருந்தாக வேண்டும். அட்டவணையை அச்சடித்துவிட்டு ஆலோசனை கேட்பவர், உதட்டால் வினவி உள்ளத்தால் பொய் சொல்கிறார். முடிவெடுத்தாகிவிட்டது என்றால் அதை அறிவித்துவிடலாம். அறிவிப்பில் வஞ்சகம் இல்லை. முடிந்துபோனதைப் பற்றி வினவுவதில்தான் வஞ்சகம் இருக்கிறது.

தவறிய ஆலோசனைக்குப் பிறகும்

“மக்களுக்கு என்ன தெரியும்? எத்தனை வண்டி, எத்தனை ஓட்டுநர், டீசலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அறிந்தவர்கள் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு கருத்து வரும், அதில் பாதி தவறாயிருக்கும்” என்று சிலர் சொல்வார்கள். இந்த மறுப்பை அலட்சியப்படுத்துவதற்கில்லை. மக்கள் தவறாகவும் சொல்வார்கள், நானே சொன்னேன்.

இங்கே உஹதுக் களத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், மக்கத்துப் படை மதீனாவை நெருங்கியபோது, நகருக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சொந்த எண்ணமாக இருந்தது. தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். இளைஞர் பலர் வெளியே சென்று பொருதவே விரும்பினர். பெருமானார் அதற்கு இசைந்தார்கள். அன்றைய போரில் நேர்ந்த இழப்புகளை நாம் அறிவோம். மலைக்கணவாயில் நிறுத்தப்பட்ட வில்லாளிகள் இடம் பெயர்ந்ததே அந்தத் துயரத்தின் முதற்காரணம் என்றாலும், வெளியே சென்றிராவிட்டால் என்னும் எண்ணம் எவருக்கும் எழத்தானே செய்யும்?

ஆனால் அதன்பின் இறங்கிய வசனம் என்ன சொல்கிறது? ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் அவர்களை மன்னித்துவிடும்படியும், அவர்களுக்காகப் பிழை பொறுக்க வேண்டும்படியும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கும்படியும் பணிக்கிறது. ஆலோசனை வெற்றி தந்த நாளில் வந்த கட்டளையன்று இது; கலந்தாலோசித்துக் களம் சென்று காயப்பட்ட நாட்களுக்குப் பின் வந்தது. மக்கள் எப்போதும் சரியாகச் சொல்வார்கள் என்பதற்காக அவர்களைக் கேட்கச் சொல்லவில்லை என்பது இதனால் விளங்கவில்லையா? தவறக்கூடியவர்கள் என்று தெரிந்தும் கேட்கச் சொல்லப்பட்டிருக்கிறது.

கேட்டபின் அந்தக் கருத்துக்குத் தலைவர் கட்டுப்பட்டே ஆக வேண்டுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டுப்படுத்தும் என்பார் ஒரு சாரார். தெளிவைத் தரும், கட்டுப்படுத்தாது என்பார் மற்றொரு சாரார். அந்த விவாதத்தில் இங்கு நுழைய வேண்டியதில்லை. இரு சாராரும் ஒப்பக்கூடிய ஒன்று போதும்: ஏற்காதபோது, ஏன் ஏற்கவில்லை என்று சொல்வது நேர்மை.

போக்குவரத்துக் கழகத்தின் பக்கமும் நியாயம் இருக்கக்கூடும். பணிமனையில் வண்டிகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். விடியற்காலையில் பன்னிருவருக்காக ஓடும் வண்டி, வேறோர் ஊரின் அறுபது மாணவருக்குக் கிடைக்காமற் போகலாம். இது உண்மையான இக்கட்டு. எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இதைத் தீர்த்துவிட முடியுமா? அறுபது பேர் இழப்பது அரைமணி நேரம். பன்னிருவர் இழப்பது அன்றன்றைய கூலி என்றால், தராசின் தட்டு எந்தப் பக்கம் தாழும்? தலைகளை எண்ணுவது எளிது. இழப்பை நிறுப்பதுதான் அரிது. நிறுத்துப் பார்க்க வேண்டுமென்றால், அந்தப் பன்னிருவர் யார், எங்கே செல்கிறார்கள், வேறு வழி உண்டா என்பது தெரிந்தாக வேண்டும். வசூல் கணக்கு இதைச் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. 2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தை வழங்கியது. அதற்கு அரசு ஈட்டுத் தொகை தருகிறதென்றாலும், நடத்துநரின் பையில் அந்தப் பயணம் ரூபாயாக விழுவதில்லை. பெண்களே நிறைந்த ஒரு வண்டி, ரொக்கக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குக் காலி வண்டியாகவே தோன்றும். அத்திட்டம் பின்னாளில் ‘விடியல் பயணம்’ என்ற பெயரையும் பெற்றது. விடியலில் புறப்படும் வண்டியே இல்லையென்றால், கட்டணம் இல்லை என்பதனால் அவர்களுக்கு ஆவதென்ன?

கயிறு எட்டும் உயரம்

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்த கதையைச் சிறுவரும் அறிவர். வீதியில் ஓடிய தேர்க்காலில் கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. மன்னன் நீதி வழங்கினான். மன்னனின் நீதியைப் புகழ்ந்துவிட்டு நாம் கதையை முடித்துக் கொள்கிறோம். நான் இப்போது நினைப்பது அந்த மணியின் கயிற்றைப் பற்றி. வாயற்ற ஒரு பசு தன் கொம்பால் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் அது தொங்கியிருந்தது! உப்பரிகையின் உச்சியில் தங்க மணி கட்டி, “யாரும் அடிக்கலாம்” என்று பறை சாற்றியிருந்தால், பசுவின் துயரம் மன்னன் செவிக்கு எட்டியிருக்குமா?

புதன்கிழமை காலை 11 மணி. இடம் மாவட்டத் தலைநகர். அந்தக் கூட்டத்திற்கு வர யாருக்கு முடியும்? கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வரக்கூடிய வணிகருக்கு முடியும். ஓய்வூதியம் பெறுபவருக்கு முடியும். விடுப்பு எடுத்தாலும் சம்பளம் குறையாத என்னைப் போன்றவருக்கு முடியும். அந்த நேரத்தில் கீரைக்காரி சந்தையில் இருப்பாள். வாசல் திறந்துதான் இருந்தது. அவளை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தடுக்காதிருத்தலும் அழைத்தலும் ஒன்றாகுமா?

பெருமானாரின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒருவரைப் பற்றிய வரலாறு ஹதீஸ் நூல்களில் உண்டு. கருநிறத்துப் பெண்மணி என்பது பெருவழக்கான அறிவிப்பு. அவர் இறந்தபோது, இதையெல்லாம் தெரிவிக்க வேண்டுமா என்று கருதியவர்கள் போலத் தோழர்கள் அடக்கம் செய்துவிட்டனர். நபியவர்களோ அவரைக் காணவில்லையே என்று விசாரித்தார்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அடக்கத்தலத்துக்கே சென்று தொழுதார்கள். வராதவரைத் தேடி விசாரிப்பது தலைமையின் இலக்கணம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? கருத்துக் கேட்க விரும்பும் அலுவலர் ஒருவர், விடியற்காலையில் அந்த 5.40 வண்டியிலேயே ஏறி அமர்ந்து, ஒருநாள் பயணம் செய்திருந்தால் போதும். அரங்கமும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் தந்திராத செய்தி அவருக்கு அரைமணியில் கிடைத்திருக்கும்.

சொன்னவரின் கடன்

இனி என் பங்குக்கு வருகிறேன். அதிகாரிகளைக் குறை சொல்வது எளிது. நாம் அதில் வல்லவர்கள். ஆனால் யாரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவர் ஓர் அமானிதத்தை ஏற்றவராகிறார் என்பது நபிமொழி தரும் பாடம். நான் அதை மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். திருமண விஷயத்திலும் வியாபார விஷயத்திலும் உதாரணம் காட்டியிருக்கிறேன். பேருந்து விஷயத்திலும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

என் பிழைகள் மூன்று. “ஊர் சார்பில்” என்று சொன்னேன், ஊரைக் கேட்கவில்லை. ஊரென்றால் என்னோடு திண்ணையில் அமர்பவர்கள் என்று என்னை அறியாமலே வரையறுத்திருந்தேன். என் தேவையை ஊரின் தேவையாகக் கூறினேன். மதரஸா வாயிலில் நிறுத்தம் கேட்டது மாணவருக்காக என்றாலும், என் முழங்கால் வலிக்கும் அதில் பங்குண்டு. மூன்றாவது பிழையே பெரிது. எனக்குத் தெரியாதவற்றைப் பற்றி ‘இதை நான் அறியேன், அறிந்தவரைக் கேளுங்கள்’ என்று சொல்லாமல், பொதுவாகப் பாராட்டி அமர்ந்துவிட்டேன். என் பாராட்டு அந்த மூன்றாவது வரிக்கும் சேர்த்து ஒப்புதலாகிவிட்டது. பொய்ச்சாட்சி என்பது தெரிந்தே பொய் சொல்வது மட்டுமன்று. தெரியாததைத் தெரிந்தவன்போல் ஆமோதிப்பதும் அதன் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது.

அன்று மாலையே நானும் என் மாணவர் இருவரும் புறப்பட்டுத் தெருத்தெருவாகச் சென்றோம். தெற்குத் தெருவுக்கு நான் போனது எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த வண்டியில் செல்பவர் யார், எங்கே வேலை, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இப்போது எப்படிப் போகிறார்கள் என்று கேட்டு எழுதினோம். ஐந்து பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோவில் போகிறார்கள்; கட்டணமில்லாமல் போனவர்கள் கூலியில் ஒரு பங்கைப் பயணத்துக்கே கொடுக்கிறார்கள். இருவர் வேலையை விட்டுவிட்டார்கள். ஒருத்தி, “நீங்க கேட்டு எழுதுறீங்களே, இதுக்கு முந்தி யாருமே கேட்டதில்லைங்க” என்றாள். அவள் அதை நன்றியாகத்தான் சொன்னாள். எனக்கோ தலை நிமிரவில்லை. மனுவில் அலங்காரத் தமிழ் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் பெற்று அனுப்பினோம். கூட்டத்தில் நான் பேசியது முழுமையான தகவலன்று என்பதையும் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டேன்.

நான்கு மாதங்கள் பதிலில்லை. ஐந்தாம் மாதம் ஒருநாள், விடியற்காலை 6 மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றது. ஐந்து நாற்பதல்ல, என்றாலும் வண்டி. எங்கள் மனுவினால் வந்ததா, வேறெவரின் முயற்சியா, வண்டி மிஞ்சியதா, நான் அறியேன். ஏனெனில் இன்றுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. நிறுத்தியதற்கும் காரணம் சொல்லப்படவில்லை; விட்டதற்கும் சொல்லப்படவில்லை. கிடைத்த வண்டிக்காக மகிழ்கிறோம். ஆயினும் காரணம் அறியாமல் பெற்றதை, காரணம் அறியாமலே இழக்கவும் கூடுமல்லவா?

மருத்துவமனையில் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கு 6 மணி வண்டி உதவாது. அதில் போனால் அவள் உரிய நேரத்துக்குள் வார்டில் இருக்க முடியாது. அவள் இன்றும் ஷேர் ஆட்டோவில்தான் செல்கிறாள். அடுத்த முறை அந்தச் சுவரில் அறிவிப்பு ஒட்டப்படும்போது, மாவட்டத் தலைநகருக்குப் புறப்படுமுன் நான் முதலில் போய் நிற்க வேண்டிய வாசல் எது என்று எனக்குத் தெரியும்.